விலக்கிவிட வந்தவர்கள்

மார்ச் 3
எலிகளுக்கு என்மேல் ஏதோ தனிப்பட்ட பகை. சிறுநீரக அழற்சிக்குக் காரணம் அங்கே வந்து குவியும் ஒருவகை எதிர்ப்புச் செல்கள்தான் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அந்தச் செல்களை நீக்கினால் வீக்கம் குறைய வேண்டும். கூடியிருக்கிறது! நீக்காத எலிகள் ஜாலியாக ஓடுகின்றன.

மார்ச் 4
எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வடிகட்டி. யார் எழுதிக் கொடுத்தாலும் பாதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். எலிகளின் சிறுநீரகப் படங்களைப் பார்த்துவிட்டு, "நீ லேபிளை மாத்தி ஒட்டியிருப்பேம்மா. மாத்திப் படி, சரியா வருதுல்ல?" என்றார்.
வருகிறது. அதுதான் தொல்லை. இருபதாம் தேதி அறிக்கை தர வேண்டும். அதை வைத்துத்தான் எனக்கு இன்னொரு வருடம் வேலையா, இல்லையா என்பது.

மார்ச் 5
மாற்றி ஒட்டினேனா? சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியவள்தான் நான். ஆனாலும் —

மார்ச் 8
சாயமேற்றி எண்ணினேன். 'நீக்கியது' என்று ஒட்டிய கண்ணாடித் தகடுகளில் அந்தச் செல் ஒன்றுகூட இல்லை. லேபிள் சரி. தப்பு நான். ஐயோ, இப்ப என்னத்த எழுதித் தொலைக்கிறது?

மார்ச் 11
அம்மா ஃபோனில் கொதித்தாள். மாடிப்படியில் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கம் மூன்று பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது. மூன்றாவது ஆள் அம்மா.
"வெலக்கி விடப் போனேன்டி! நடுவுல நின்னா நானும் சண்டைக்காரியா? நான் இல்லேன்னா மண்டை ஒடஞ்சிருக்கும்!"
விழுந்து விழுந்து சிரித்தேன். சட்டென்று நின்றுவிட்டது.
"அம்மா, திருப்பிச் சொல்லு."
"எதை? மண்டையையா?"

மார்ச் 12
நானும் அந்தச் சங்கம்தான். சண்டை நடந்த இடத்தில் நின்றதற்காக இரண்டு வருடமாக அந்தச் செல்களுக்குக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவை வீக்கத்தை அடக்க வந்தவையாக இருந்தால்?

மார்ச் 20
அறிக்கையின் முதல் வரி: 'நான் நினைத்தது தவறு.'
"இது இப்படியேவா போகணும்?" என்றார் வடிகட்டி.
"ஆமா சார்."
மற்றதில் பாதியை அடித்தார். அதைத் தொடவில்லை.

மார்ச் 29
வேலை நீட்டிப்பு பற்றி இன்னும் பதில் இல்லை. பத்து விரலிலும் நகம் இல்லை.

ஏப்ரல் 6
புது எலிகள் வந்திறங்கின. கூண்டு அட்டையில் என் பெயர், அடுத்த மார்ச் வரை. அந்தச் செல்களுக்கான குழாய்களில் 'அம்மா 1' முதல் 'அம்மா 12' வரை எழுதி அடுக்கினேன்.
வடிகட்டி குனிந்து பார்த்தார். "இது என்னம்மா சுருக்கம்?"
"சுருக்கம் இல்ல சார். வெலக்கி விட வந்தவங்க."
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடிவிட்டார்.