குழாயடி றோசா

செவ்வாய், இரவு.

காலையில் மகள் றிஸ்னா முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். "உம்மா, வாப்பாட றோசா காஞ்சு போகுது. பூச்சி புடிச்சிரிக்கும் போல." நான் ஜன்னலால் பார்த்தேன். மணலோடு படர்ந்து கிடக்கும் அந்தச் செடியில் பாதிக்கு மேல் இலை இல்லை.

அவர் மௌத்தான நாளிலிருந்து நான் இத்தாவில், துக்கம் காத்து வீட்டோடு இருக்கிறேன். முற்றத்துக்கும் அதிகம் இறங்குவதில்லை.

வெலிமடையிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்று, "இதுக்கு ஒரு வேலையும் இல்ல, தண்ணியும் ஊத்தத் தேவல்ல" என்றார். நாங்களும் ஊற்றவில்லை. அது தன்பாட்டில் படர்ந்தது, பூத்தது.

மருந்தடிக்க ஆள் பிடிக்கட்டுமா என்று றிஸ்னா கேட்டாள். ஓம் என்றேன்.

லுஹர் தொழுகைக்குக் குளியலறையில் கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கும்போதுதான் விளங்கியது. அவர் ஐந்து வேளையும் முற்றத்துக் குழாயில்தான் வுழூ எடுப்பார். அந்தத் தண்ணீரெல்லாம் ஓடி அந்தச் செடிக்குத்தான் போகும். வேலை வைக்காத செடியாம். அவருக்காவது தெரிந்திருந்ததோ என்னவோ.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வரவில்லை.

அசர் தொழுதுவிட்டு வெளியே போனேன். கேற்றைச் சாத்திவிட்டுக் குழாயடியில் குந்தி, கை, வாய், முகம் என்று ஆறுதலாகக் கழுவினேன். றிஸ்னா வாசலில் நின்று பார்த்தாள்.

"உம்மா, இப்பதானே தொழுதீங்க?"

ஓம் என்றேன். கால்களை இன்னொரு தடவை கழுவினேன்.