வெள்ளைச் சேலை மணப்பெண் அட்டை

தை 8, வியாழன்

பனி. டீச்சரம்மாவின் சட்டைக் கையில் மாம்பூத் தூள். பங்களாவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். விடிந்ததிலிருந்து வாசல் கேட் பக்கத்து மாமரத்தடியில் தபால்காரருக்காக நின்றிருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "புஸ்தகம் வரலை, வீரு. இனி வராது."

அவர் ஊர் ஸ்பெயின். அங்கே இப்போது சண்டை. அவர் கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பள்ளியில் அந்த ஊர்ப் பாஷை சொல்லிக்கொடுக்கிறார். குளிர் மாதங்களில் பள்ளி மூடல், பெரியகுளத்தில் இந்த பங்களா. பாடத்துக்கு வேண்டிய படமும் புத்தகமும் அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. எல்லாம் நின்றுவிட்டது. இந்த வருடம் பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பாஷையையே எடுத்துவிடுவதாகப் பள்ளியிலிருந்து கடிதம். வேலை போனால் திரும்பிப் போக அவருக்கு ஊரும் இல்லை.

அதனால்தான் படங்களை நான் வரைகிறேன். அம்மாவுக்குப் பதிலாகப் பால் ஊற்றப் போன ஒரு நாள் பங்களா வாசலில் கோலம் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். பெண்பிள்ளை மட்டும் இருக்கிற வீடு என்று அம்மாவும் விட்டாள்.

இனி டீ.அ. என்றே எழுதப்போகிறேன். நோட்டில் இடம் இல்லை.

தை 9, வெள்ளி

முடிந்த அட்டைகள்: வீடு, கிணறு, குடை, பசு, செருப்பு, எலுமிச்சை, ஏணி, பூட்டு, கோழி. முன்னால் போட்டதோடு இருபத்திரண்டு. பாக்கி பதினெட்டு.

அட்டையைத் தூக்கிக் காட்டி அந்தப் பாஷையில் பெயர் சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இங்கிலீஷ் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாதாம். அதனால் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற படமாக இருக்க வேண்டும். என் செருப்பைப் பார்த்துத் தவளையா என்று கேட்டார். மறுபடி போட்டேன்.

பசு, வாக்கா. மாம்பழம், மாங்கோ. அதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு.

சாயங்காலம் அம்மா சொன்னாள்: அவள் தம்பி, மார்க்கையன்கோட்டை மாமா, புதன்கிழமை பூ வைக்க வருகிறார். அவர் மகனுக்கு நான் என்பது பிறந்தபோதே பேசினது. என்னைப் பெற்ற அய்யா வருசநாட்டுக் காட்டில் வேலையாக இருக்கிறார், ஆள் போயிருக்கிறது. மாமா மகன் நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் வரும்போது குனிந்திருப்பேன். வலது கால் பெருவிரலில் நகம் இல்லை. அது தெரியும்.

தை 11, ஞாயிறு

டீ.அ. என்னைக் கொடைக்கானலுக்குக் கூப்பிடுகிறார். பள்ளி திறக்குமுன், வருகிற சனிக்கிழமை பல பாஷை டீச்சர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். பாட்டு, ஆட்டம், சின்ன நாடகம் எல்லாம் உண்டு. பம்பாயிலிருந்து ஒரு அம்மா கிராமபோன் தட்டுகளோடு வருகிறாராம். பெற்றோர்களும் வந்து பார்த்துத்தான் பிள்ளைகளை எந்தப் பாஷையில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்களாம். அவர் பேசும்போது அட்டையை மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும்.

"நீ போட்ட படம். நீயே பிடி."

வெள்ளிக்கிழமை காலை பஸ். ஞாயிறு திரும்பிவிடலாம். அத்தனை பேர் முன்னால் நிற்க என்னால் முடியாது. ஆனாலும் போக வேண்டும். இரண்டும் ஒரே மனதுக்குள் எப்படி என்று தெரியவில்லை. அஞ்சாம் வகுப்பில் என்னை நிறுத்தின அன்றுகூட இவ்வளவு வேண்டும் என்று எனக்கு இருந்ததில்லை.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

தை 12, திங்கள்

கடைசி அட்டை, மணப்பெண். நோவியா என்று பெயர். நான் அரக்குச் சேலையில் போட்டேன். டீ.அ. தலையாட்டினார். அவர்கள் ஊரில் மணப்பெண்ணுக்கு வெள்ளை, தலையை மூடி ஒரு துணி, கையில் பூங்கொத்து. பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்பப் போட்டேன். அவர்கள் உடுப்பு எனக்கு வரவில்லை, சேலைதான் வந்தது. தலைத் துணிக்கு முக்காடு. நெற்றியில் பொட்டு வைக்கத் தூரிகையைக் கொண்டுபோனேன். அவர்கள் வைப்பதில்லையே என்று விட்டேன். முகத்துக்கு யாரையும் உற்றுப் பார்க்க எனக்கு வராது. அதனால் கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே போட்டேன். நன்றாக வந்தது. ஆனாலும் பார்க்கப் பார்க்க ஏதோ சரியில்லை. காயட்டும் என்று ஜன்னலில் வைத்தேன்.

தை 13, செவ்வாய்

அம்மா பார்த்துவிட்டாள்.

பால் செம்போடு அப்படியே நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "பூ வைக்க வர்ற வாரத்துல வெள்ளச் சேலை, முக்காடு, வெறும் நெத்தி. அதுல ஒன் மூஞ்சி. ஒனக்கு நீயே தாலியறுத்து வச்சிருக்கியே ஆத்தா."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது எது சரியில்லை என்று. வெள்ளைக்கார மணப்பெண் என்றேன். அவளுக்குக் காதில் ஏறவில்லை. நாற்பது அட்டையையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பால் ஊற்ற இனி நானே போறேன் என்றாள். கொடைக்கானலைப் பற்றி இப்போது எப்படிக் கேட்பது.

டீ.அ. வெறுங்கையோடு அங்கே நிற்கப்போகிறார்.

தை 14, புதன்

காலையில் நல்ல வெயில். மாமாவும் அத்தையும் வந்தார்கள்; அய்யா இன்னும் வந்து சேரவில்லை. தாம்பாளத்தில் பழம், வாழை இலைப் பொட்டலத்தில் மல்லிகை. மாமா என்னைப் பார்த்து, "எம் மருமக இன்னும் தரையில எறும்பத்தான் எண்ணுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு உடுத்தப் பட்டுச் சேலை எடுக்க அம்மா பெட்டியைத் திறந்தாள். பதற்றம் அவளுக்கு. சேலையை இழுத்ததும் கட்டு அவிழ்ந்து அட்டைகள் சரிந்தன. பசு, குடை, ஏணி. அத்தை காலடியில் மணப்பெண்.

அத்தை எடுத்துப் பார்த்தார். வெகு நேரம். "இது யாரு மதினி?"

அது வெள்ளைக்காரிக்குப் போட்டது என்றாள் அம்மா. "வெள்ளக்காரிக்கு எங்க வீட்டு மூக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்தபடி இருந்தால் போதும். அவளே சமாளித்திருப்பாள். ஆனால் அந்தப் படத்தை வேறு யாரோ என்று சொல்லி தலையில் பூ வாங்க எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் மாமா மகனுக்கு ஏதாவது ஒன்று நடந்தால் என்னால்தான் என்று ஆகும்.

"நான்தான் அத்தை" என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கொஞ்ச நாள் போகட்டும்க்கா" என்றார். பழத் தாம்பாளம் இங்கேயே இருக்கிறது. பூவை மட்டும் பொட்டலம் பிரிக்காமல் அத்தை திரும்ப எடுத்துப் போனார்.

தை 15, வியாழன்

அம்மா சாப்பிடவில்லை. தம்பி தம்பி என்று உயிரை விட்டவள். பழத்தில் எறும்பு. யாரும் தொடவில்லை.

பத்து மணி வாக்கில் டீ.அ. தெருமுனை வரை வந்து நின்றார். அம்மா வெளியே போய், பாலுக்கு வந்தவரிடம் சொல்வது போல, நாளைக்கு என்றாள். அவர் திரும்பிப் போனார். நான் கதவுக்குப் பின்னால்.

எனக்கு அழுகை வரவில்லை. அதுவே குற்றமாக இருக்கிறது.

தை 16, வெள்ளி

வத்தலக்குண்டில் பஸ் அரை மணி நிற்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் அம்மா வெந்நீர் அடுப்பு மூட்டினாள். பக்கத்தில் அட்டைக் கட்டு. எல்லாவற்றையும் போடு என்றாள். போய் உட்கார்ந்தேன். மணப்பெண்ணை உருவி நானே தீயில் வைத்தேன். முதலில் முக்காடு கருகியது. முகம் கடைசியாக.

"இதுதாம்மா ஒனக்கு ஆகாதது. மத்ததெல்லாம் பசு, கிணறு, கோழி. அது என்ன செஞ்சது?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். நான் மீதியை எடுத்துத் துணியில் கட்டினேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். வாசல் தாண்டும்போதுதான், திரும்பாமலே கேட்டாள்.

"எப்ப வருவ?"

"ஞாயித்துக்கெழம."

பஸ்ஸில் டீ.அ. எண்ணினார். முப்பத்தொன்பது. "நோவியா எங்க?" நடந்ததைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தப்பட வேண்டாம், மணப்பெண் இல்லாமலே பாடம் நடக்கும் என்றார். அவர் அங்கே போடப்போகிற கல்யாண நாடகத்துக்கு அதுதான் முக்கியமான அட்டை. எனக்குத் தெரியும்.

வர்ணப் பெட்டியில் வெற்று அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்து மடியில் வைத்தேன்.

"கொஞ்சம் இங்கன திரும்புங்க டீச்சரம்மா" என்றேன்.

திரும்பினார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, முதல் கோட்டைப் போட்டேன்.