தும்பை மாலைக்கு ஒரே பெயர்

காலையில் தும்பை பறித்த கை இன்னும் வாடை அடிக்கிறது. பூவுக்கு ஏது மணம், இலைதான் விரலில் நசுங்கியிருக்கிறது. இந்த வாடை வந்தால் உன் நினைவு வரும், கூடவே கோபமும் வரும். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. கோபம் இங்கேயேதான் இருக்கிறது.

ரங்கூனில் குண்டு விழுந்ததாகச் சேதி வந்த மார்கழியில் சிநேகிதிகள் நம் இருவர் வீட்டிலும் ஒழுங்காக அடுப்பு எரியவில்லை. உன் அண்ணனும் என் வீட்டுக்காரரும் அங்கே ஒரே அரிசி ஆலையில் இருந்தார்கள். அவர்கள் உயிரோடு திரும்ப வேண்டும், சிவனுக்குத் தும்பை மாலை சாத்துகிறோம் என்று நேர்ந்துகொண்டோம். "வரப்புல கெடக்குறத ஆடு மாடு மிதிச்சிருக்கும். நம்ம கையால தண்ணி ஊத்தி வளத்துப் போடணும்டி" என்றாய். கீழக்குயில்குடி வரப்பில் காய்ந்து நின்ற செடிகளை உதறி விதை கொண்டுவந்தோம். களைக்குப் பாத்தி கட்டுறாளுக என்று நம் ஊர் பழங்காநத்தமே சிரித்தது.

பாத்தி என் வீட்டுக் கொல்லையில். மழைக்குத் தானாக முளைக்கிற செடி பனிக்காலத்தில் ஏகப்பட்ட சண்டித்தனம் செய்தது. ஆழப் புதைத்த விதை முளைக்கவே இல்லை. மணலோடு கலந்து மேலாகத் தூவியதுதான் வந்தது. சாமிக்குப் போகிற செடி என்பதால் புழங்கின தண்ணீரை ஊற்றாமல், கிணற்றில் தனியாக இறைத்து ஊற்றினேன். மாசியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஆனாலும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பொடிப் பூ, ஒரு மாலைக்குத்தான் தேறியது. "அதுனாலென்ன, ஒரு மாலையப் போட்டு ரெண்டு பேரையும் சொல்லிருவோம்" என்று நீதான் சொன்னாய்.

புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் இரண்டு பெயரையும் நீ சொல்வதாக ஏற்பாடு.

பிரதோசத்தன்று சாயங்காலம் அர்ச்சகர் மாலையை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். உன் அண்ணன் பெயரைச் சொன்னாய். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். நீ கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாய். முழங்கையால் இடித்தேன், நீ அசையவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். தொண்டை வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி சொல்லல?"

"ஒத்த மாலைதான. ரெண்டு பேருக்குப் பங்கு வச்சா ரெண்டு பேருக்குமே பத்தாமப் போயிருமோன்னு இருந்துச்சு. எனக்கு அண்ணன் ஒருத்தன்தான்டி."

"எனக்கு மட்டும் எம்புட்டுப் பேரு இருக்காக?"

நீ விறுவிறுவென்று முன்னால் நடந்தாய்.

வைகாசியில் உன் அண்ணன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். "வழியில பிரிஞ்சிட்டோம் தங்கச்சி" என்று என்னிடம் சொல்லி அழுதார். என் வீட்டுக்காரரைப் பற்றி இத்தனை வருசமாகியும் தகவல் இல்லை. மாலையால் அவர் வந்தார், மாலை இல்லாமல் இவர் வரவில்லை என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. சாமி அப்படிப் பங்கு பார்க்கிறவரும் இல்லை. ஆனால் நீ அப்படித்தான் நம்பினாய். நம்பித்தான் என் ஆளைக் கைவிட்டாய். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அவர் பெயரை நானே சத்தமாகச் சொல்கிறேன். இனிமேல் குறைவதற்கு என்ன இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் உன் மகள் வந்தாள். மாப்பிள்ளைக்கு விசக்காய்ச்சலாம். என் பாத்தியில்தான் தும்பை இருக்கிறது என்று தேடி வந்திருக்கிறாள். பறித்துக் கட்டி, கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்று, "சித்தி, அவுக பேரை நீங்க சொல்லிருங்க" என்றாள்.

அர்ச்சகர் கேட்டார். உன் மூக்கும் முழியுமாகப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

சொல்லிவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாயைத் திறக்க முடியாமல் அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.