கருவி நல்ல நிலையில் இருந்தது

மார்ச் 3, செவ்வாய்

மகள் இன்றும் ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். நாற்காலி பிடிக்க.

அவளுடைய சீனியர் வக்கீல் ஆபீசில் ஜூனியர்கள் பதினோரு பேர். நாற்காலி ஏழு. முதலில் வரும் ஏழு பேர் உட்காரலாம். மீதி நாலு பேர் அலமாரியில் சாய்ந்துகொண்டு சட்டம் பேச வேண்டியதுதான். எட்டு மாதமாக இதுதான் நிலவரம். "அஞ்சு வருஷம் படிச்சது நிக்கிறதுக்காம்மா?" என்று கேட்டேன். "உங்க பஸ்ல நிக்கிறவங்களுக்கும் அதே டிக்கெட்தானேப்பா" என்றாள். வக்கீல் வாய். 

நான் பத்தாவதோடு நின்றவன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன், செக்கர். காலை எட்டேகால் வண்டியில் ஏறினால் கறுப்புக் கோட்டு மட்டும் பதினைந்து எண்ணலாம். கேஸ் இருக்கிறவர் காகிதக் கட்டை மடியில் பிரித்து வைத்திருப்பார். இல்லாதவர் பையை இறுக்கி மூடி வைத்திருப்பார். நான் பார்த்த வரையில் மூடிய பைதான் அதிகம்.

ஜூன் முப்பதுக்குள் மகளுக்குச் சொந்தமாக ஒரு கேஸாவது வர வேண்டும். வக்காலத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும். வராவிட்டால் என் மைத்துனர் சொல்கிற குமாஸ்தா தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட வேண்டும். நான் போட்ட நிபந்தனை. அவள் உடனே சரி என்றாள். அதுவே எனக்கு உறுத்துகிறது. வக்கீல் எதற்காவது உடனே சரி சொல்வார்களா?

மார்ச் 9, திங்கள்

சாயங்காலம் பாடிக்கொண்டே வந்தாள். அம்மாவின் கையிலிருந்து வெங்காயத்தைப் பிடுங்கி தானே நறுக்கினாள். என்ன விசேஷம் என்றால் "ஒண்ணுமில்லப்பா."

ஒன்றுமில்லாததற்கு யார் வெங்காயம் நறுக்குவார்கள்?

மார்ச் 12, வியாழன்

பாட்டு நின்றுவிட்டது. சாப்பிடும்போது, "சீனியர் என்னம்மா சொல்றாரு?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "நல்லாதான் இருக்காரு" என்றாள்.

இருபத்தாறு வருடம் இந்த வேலை. டிக்கெட் இல்லாதவன் என்னைப் பார்க்க மாட்டான், ஜன்னலைத்தான் பார்ப்பான். இந்த ஒரு சாஸ்திரத்தை வைத்துதான் பிழைப்பு ஓடுகிறது.

மார்ச் 14, சனி

அவளுடைய கோட்டை பிரஷ் போடும்போது பையிலிருந்து மூன்று டிக்கெட் விழுந்தது. (நான் தேடவில்லை. விழுந்தது. பையைக் கொஞ்சம் குலுக்கினேன், அவ்வளவுதான்.)

மற்ற அப்பாக்கள் என்றால் கசக்கிப் போட்டிருப்பார்கள். எனக்கு டிக்கெட் என்பது ஜாதகம் மாதிரி. கோர்ட் வாசல் பதினோராவது ஸ்டேஜ். மூன்று டிக்கெட்டும் பதினேழாவது ஸ்டேஜுக்கு எடுத்தது. மூன்றும் மத்தியானம் இரண்டு மணி வாக்கில். கோர்ட் நடக்கிற நேரத்தில் அவளுக்கு ஆறு ஸ்டேஜ் தாண்டி என்ன வேலை? அங்கே கட்டடம் கட்டுகிற இடங்களும் டெப்போ ஆட்களின் வீடுகளும்தான்.

அவளோடு படித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தன் இன்சூரன்ஸ் விற்கிறான். ஒருத்தி கேக் செய்கிறாள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி – அவளும் நாற்காலி கிடைக்காத கோஷ்டிதான் – சாயங்காலம் போன் கம்பெனியில் திட்டு வாங்குகிறாள். இவளும் சட்டத்தை விட்டுவிட்டு எதையோ விற்கப் போய்விட்டாளா? இல்லை, யாராவது பையனா?

மனைவியிடம் சொன்னேன். "ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படறதுக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. வீட்டுக்குள்ள எதுக்கு ஓசில பாக்கறீங்க?" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஓசியில்தான் பார்க்கிறேன். விட முடியவில்லை.

மார்ச் 18, புதன்

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டெப்போவில் கேட்டு அந்த வழித்தடத்திலேயே இன்றைக்கு டூட்டி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணி வண்டி. பன்னிரண்டாவது ஸ்டேஜில் ஏறினேன். இடது பக்கம் நாலாவது இருக்கையில் என் மகள். ஏறிய பிறகு அவளை மட்டும் விட்டுவிட்டுக் கேட்க முடியுமா? வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் முன்னால் நின்று "டிக்கெட்?" என்றேன். குரல் ஏனோ கீச்சென்று வந்தது.

"இந்தாங்க சார்" என்று நீட்டினாள்.

பதினேழாவது ஸ்டேஜ். சரியான டிக்கெட். ஆனால் நீட்டியவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சாஸ்திரம் அங்கேயே ஆட்டம் கண்டது.

பதினேழில் இறங்கினாள். நிறுத்தத்தில் அவளுக்காக ஒருவன் காத்திருந்தான். பையன் இல்லை, என் வயதுதான் இருக்கும்.  போன டிசம்பரில் நான் எழுதிய அறிக்கையால் சஸ்பெண்ட் ஆன கண்டக்டர்.

அவன் என்னைப் பார்த்தான். வணக்கம் வைத்தான்! பழிவாங்க வந்தவன் வணக்கம் வைப்பானா? வைப்பான். அப்படித்தான் வைப்பான்.

மார்ச் 19, வியாழன்

கேட்டுவிட்டேன். கேட்டேன் என்றா சொல்வது, கத்தினேன். "யாருன்னு தெரியுமா அவன்? என்னைக் கவுக்கறதுக்கு உன்னைப் புடிச்சிருக்கான்!"

அவள் கத்தவில்லை. "அவர் என்னைப் புடிக்கலப்பா. நான்தான் அவரைப் புடிச்சேன்" என்றாள்.

சீனியரிடம்தான் அந்த ஆள் முதலில் போயிருக்கிறான். சின்னக் கேஸ், நேரமில்லை என்று அனுப்பிவிட்டார். பதினோரு பேரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இவள் மட்டும் மாடிப்படியில் பின்னாலேயே ஓடி, "சார், நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் வெங்காயம்.

மூன்று நாள் கழித்து நிர்வாகத்திடமிருந்து அறிக்கையின் நகல் வந்தது. அடியில் கையெழுத்து. "என் ரிப்போர்ட் கார்டுல பன்னெண்டு வருஷம் பாத்த கையெழுத்துப்பா. அந்த கோணல் கோடு. உடனே தெரிஞ்சிடுச்சு."

"அவன்கிட்ட சொன்னியா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். சிரிச்சாரு. உங்க வீட்ல ஒருத்தராவது நான் சொல்றத முழுசா கேக்கட்டும்மான்னாரு."

அது எனக்கு வலித்தது. பிறகு சொன்னாள்: சாட்சி சொல்லப் போவது அப்பா என்றால் மகள் அந்தக் கேஸை நடத்தக் கூடாதாம். ஒரு வாரம் அதைத்தான் மனதில் போட்டு உருட்டியிருக்கிறாள். நேற்று பதினேழாவது ஸ்டேஜுக்குப் போனது அதைச் சொல்லிவிட்டு வரத்தான். கேஸ் கட்டை அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். "அவளுக்கும் இதான் முதல் கேஸ்."

எட்டு மாதம் நின்று நின்று கிடைத்த ஒரே கேஸ். அதுவும் அப்பனால் போச்சு.

"நான் என்னம்மா பண்ணணும்?" என்றேன்.

"அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. நானும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டா தப்பு."

மார்ச் 22, ஞாயிறு

பழைய அறிக்கை நகல்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன்.

விஷயம் இதுதான். அந்த நாள் நல்ல மழை. வண்டியில் கட்டட வேலைக்காரர்கள் ஆறு பேர், கையில் டிக்கெட் இல்லை. டிக்கெட் மெஷின் பட்டன் சிக்கிக்கொண்டது, சரியானதும் கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றான் கண்டக்டர். எல்லாக் கண்டக்டரும் சொல்வதுதான். நான் எழுதினேன்: கருவி நல்ல நிலையில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் திறந்து பார்த்தபோது பட்டன் நிஜமாகவே சிக்கியிருந்ததாம். நடுவில் கெட்டிருக்கும் என்கிறது நிர்வாகம். ஆகவே எல்லாம் என்னுடைய அந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது.

நான் அழுத்திப் பார்த்தேனா?

நாற்பத்தொரு நகல் இருந்தது. நாற்பத்தொன்றிலும் மூன்றாவது வரி அதேதான். கருவி நல்ல நிலையில் இருந்தது. கருவி நல்ல நிலையில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் எழுதிக் காட்டிய மாதிரி அறிக்கையில் அப்படி இருந்தது. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுகிற மாதிரி கை தானாக எழுதிவிடும். எல்லாச் செக்கர்களும் எழுதுவதுதான்.

மழை. மெஷினை வாங்கினேன். நனையாமல் உறையில் போட்டேன். சீல் வைத்தேன்.

அழுத்தினேனா?

மார்ச் 23, திங்கள்

இருபத்தாறு வருடமாக எல்லோரையும் பார்த்த சந்தேகக் கண் இப்போது கண்ணாடியில் என்னையே பார்க்கிறது. ஷேவ் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சாட்சிக்கு வரச்சொல்லி ஓலை வந்துவிட்டது. பதினாறாம் தேதி.

டெப்போ மேலாளர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் டீ. "அறிக்கைல என்ன இருக்கோ அதச் சொன்னாப் போதும். நீங்க பழைய ஆளு, உங்களுக்குத் தெரியாததா?" டீயில் சர்க்கரை தூக்கல். மருந்துக்கு முன்னால் கொடுக்கிற சர்க்கரை மாதிரி.

மகள் மீதும் சந்தேகம் வருகிறது. தினமும் என் சட்டையை இஸ்திரி போடுகிறாள். என்னைக் கரைக்கிறாளோ? அப்புறம் நினைவு வந்தது, இஸ்திரி எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் வேலை.

ஏப்ரல் 16, வியாழன்

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். "அங்க நாற்காலி இருக்குமாம்மா?" என்று சும்மா கேட்டேன். "சாட்சிக்கு நாற்காலி கிடையாதுப்பா. நிக்கணும்" என்றாள். கூட வரவில்லை.

தொழிலாளர் கோர்ட் என்றால் பெரிதாக நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் டெப்போ கேன்டீன் அளவுதான். ஒரு மின்விசிறி, அதுவும் நீதிபதியைப் பார்த்து மட்டும் சுற்றுகிறது. நிர்வாகத்தின் வக்கீல் தாழ்வாரத்தில் என் தோளைத் தட்டினார். "ஒண்ணும் கஷ்டமில்ல. எதிர்ல புது ஜூனியர் பொண்ணு. பயந்து நடுங்கிக்கிட்டிருக்கு."

நிஜம்தான். கண்ணாடிப் பெண் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிக்கொண்டாள். பெயர் கேட்டாள், எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டாள். கண்டக்டர் மூலையில் முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நான்கு மாதத்தில் நன்றாக இளைத்திருந்தான்.

"மெஷின் நல்ல நிலைமைல இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

எப்படித் தெரியும். என் மகள் ஆறு வயதிலிருந்து கேட்கிற கேள்வி. மழை வரும்மா என்றால் எப்படித் தெரியும், பூனை தூங்குது என்றால் எப்படித் தெரியும். கேட்டது இந்தப் பெண். கேஸ் கட்டில் அதை எழுதி வைத்தது யார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

"எப்பவும் அப்படித்தாங்க எழுதுவோம்" என்றேன்.

"பட்டனை அழுத்திப் பாத்தீங்களா?"

ஆமாம் என்றால் ஒரு வார்த்தை. யார் வந்து பார்த்தது? மழையும் நானும்தான். நிர்வாகத்தின் வக்கீல் எனக்காகத் தலையைக்கூட லேசாக ஆட்டினார்.

அந்த நேரத்தில் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். ஜன்னலை.

பார்வையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "இல்லம்மா. அழுத்திப் பாக்கல" என்றேன். "அம்மா என்று சொல்லக் கூடாது" என்றார் நீதிபதி.

வீட்டுக்கு வந்தால் மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.  என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மெமோ வந்துவிட்டது. கடமையில் கவனக்குறைவு, விளக்கம் தேவை. மேலாளர் டீ சொல்லவில்லை.

"பதில் நான் எழுதித் தரவா?" என்றாள் மகள். "இது உன் கணக்குல சேராது. அப்பன் கேஸ் எல்லாம் சொந்தக் கேஸ் ஆகாது" என்றேன். "உங்களைக் கட்சிக்காரரா எடுத்துக்க எனக்கும் இஷ்டமில்ல. பேச விடமாட்டீங்க" என்றாள். ஆனாலும் எழுதித் தந்தாள். நன்றாகத்தான் எழுதுகிறாள். படிக்கப் படிக்க எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

மே 20, புதன்

தீர்ப்பு. கண்டக்டருக்கு மறுபடி வேலை. வக்காலத்தில் இருப்பது கண்ணாடிப் பெண்ணின் பெயர். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டு வந்தாள். முகம் கழுவப் போனவள் வெளியே வர நேரமாயிற்று. நான் கதவைத் தட்டவில்லை.

எனக்கு ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தம்.

ஜூன் 11, வியாழன்

இப்போது பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் என்னை 'நீதிபதி' என்கிறார்கள்.

ஜூன் 27, சனி

குமாஸ்தா தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டாள். போட்டோ ஒட்டி, வாசல் பக்கத்து நாற்காலியில் காயவைத்திருந்தாள். செவ்வாய் கடைசி நாள். "இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்மா" என்றேன். "நிபந்தனைன்னா நிபந்தனைதாம்பா" என்றாள். நான் போட்டது என்னையே கடிக்கிறது.

பத்து மணிக்கு யாரோ அழைப்பு மணி அடித்தார்கள். போனால் காக்கிச் சட்டையில் ஒரு இளைஞன், கையில் கவர்.

"செக்கர் பொண்ணு, வக்கீலம்மா, இங்கதான இருக்காங்க?"

"யாரு அனுப்பினது?"

நம்முடைய கண்டக்டர்தான் அனுப்பியிருக்கிறார். "அந்தம்மா கேஸ் கிடைக்கணும்னு பாக்க மாட்டாங்க, தப்புன்னா விட்டுக் குடுத்துடுவாங்க, அங்க போன்னு சொன்னாருங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. "அந்தக் கவரை இப்படிக் குடு" என்றேன்.

இவனும் சஸ்பெண்ட். அறிக்கையின் நகல். மூன்றாவது வரி: கருவி நல்ல நிலையில் இருந்தது.

 அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து மறுபடி பார்த்தேன்.

என்னுடையது இல்லை.

நாற்காலியில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துவிட்டு, "உக்காருப்பா, கூப்பிடறேன்" என்றேன்.