சன்னலில் கிடந்த எலும்பு சிமென்ட்

அன்பு மகள் சுகுயினிக்கு,

கானாவின் தமாலேயிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. அல்லாவின் கருணையில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு மனசு ஆறவில்லை. “போகட்டும்மா, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சிடு, ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான்” என்று போனில் சொன்னாயே, வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஜெர்மனியில் உட்கார்ந்து எலும்பு சிமென்ட்டையே ஆராய்ச்சி செய்கிற நீ சொல்லலாமா? கோபத்தில் போனை வைத்துவிட்டேன், அதனால் முழுக்கதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஷியா கொட்டையிலிருந்து வெண்ணெய் கடைந்து விற்கிற மெமுனாத்து இடுப்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். செயற்கை மூட்டின் தண்டைத் தொடை எலும்புக்குள் நிறுத்துகிற சிமென்ட்டை, பொடியும் திரவமுமாகக் கலப்பது இருபத்தாறு வருஷமாக என் வேலை. அறை இருபத்துமூன்று டிகிரியில் இருக்க வேண்டும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. யார் வீட்டு அறையோ அது! எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஏசி செத்து மூன்று மாதம், காலை எட்டு மணிக்கே முப்பத்துமூன்று. சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் முந்தின நாளே இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். அன்றைக்குக் காலையில் திறந்தால் உள்ளே முழுக்கக் கலர் பாட்டில்! மேலிடத்து விருந்தாளிகளுக்காம், ஆஸ்பத்திரி நிர்வாகி வைக்கச் சொன்னாராம். என் சிமென்ட் சன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், குளிரட்டும் என்றேன். டாக்டர் நபாரி, “சிஸ்டர், உங்களுக்கு எப்பவும் இதே பாட்டுதான், விசிட்டருங்க வர்றதுக்குள்ள முடிக்கணும், கலக்குங்க” என்றார். கலக்கினேன். மறுத்திருக்க வேண்டும், அது என் தப்புதான். தண்டு பாதி இறங்கும்போதே சிமென்ட் கல்லாகிவிட்டது. உளியால் கொத்தி எடுத்து மறுபடி வைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, இரண்டு பை ரத்தம் ஏற்றினோம். ஏதோ பிழைத்தாள். அடுத்த வாரமே, நர்ஸ் அளவு தப்பாகக் கலந்துவிட்டார் என்று ஒரு தாளை நீட்டி, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு என்கிறார்கள். எப்படி இருக்கிறது பார் நியாயம்!

புதன்கிழமை விசாரணை. தேதி முடிந்துபோன இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துப்போனேன், ஒன்று ஃபிரிட்ஜில் இருந்தது, இன்னொன்று அதே சன்னலில் வைத்தது. விசாரணைக் குழுவின் மேசைமேலேயே இரண்டையும் கலக்கினேன், நாற்றம் தாங்காமல் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நிர்வாகி குற்றச்சாட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதற்குள் சன்னல் சிமென்ட்டில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. உருண்டையை அவர் கையில் வைத்தேன், “ஐயோ சுடுது!” என்று கீழே போட்டார். மற்றது இன்னும் மாவாகத்தான் இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த மெமுனாத்து சும்மா இருப்பாளா? “வெயிலுக்கு எது எப்படி மாறும்னு வெண்ணெய் பிசையுற எங்க வீட்டுச் சின்னப் பொண்ணுக்கே தெரியும். நீங்கல்லாம் ஆயுசுல எதையாச்சும் கலக்கியிருக்கீங்களா?” என்றாள். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, “சிஸ்டர் தள்ளிப்போடத்தான் சொன்னாங்க, நான்தான் கேக்கல” என்றார். அதற்குமேல் நிர்வாகி, “சரி சரி, ஃபைலை மூடிடலாம்” என்று குழைகிறார். அதெப்படி மூடுவது? கலர் பாட்டிலுக்காக சிமென்ட்டை வெளியே எடுத்தோம் என்று எழுதுங்கள், பிறகு மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எழுதவில்லை. நானும் விடப்போவதில்லை.

நீ இப்போது செய்கிற கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் சூடே ஆகாது, போகப்போக எலும்பாகவே மாறிவிடும் என்றாயே, சந்தோஷம். அதன் பெட்டியில் எத்தனை டிகிரி என்று எழுத உட்காரும்போது உன் அம்மாவின் தியேட்டரை நினைத்துக்கொள். கரண்டி நட்ட அந்த உருண்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், உன் மேசையில் வை. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு. என்னிடமும் பேசலாம், கோபம் பாதி போய்விட்டது. அல்லா உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும்.

இந்த மாதம் நான் கையெழுத்துப் போடுகிற ஒரே தாள் இதுதான்.

உன் அம்மா,
அசாரா