நானே எழுதிய ரத்ததானப் பக்கம்

செவிலிமேடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள டேனியலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மறுபடி ஆட்டோ எடுக்கிறார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்ததும் வலைப்பக்கம் செய்ய எந்தக் கருவியில் தொடங்குவது என்று உன்னைக் கேட்டேன், ரியாக்ட் என்றாய், பாடம் நடத்தும் அகிலா ஆங்குலர் என்றாள், வீடியோவில் ஒருவர் இரண்டுமே பழசு என்றார். நீ சொன்னதையே பிடித்துக்கொண்டு, நம் சபையில் ரத்தம் கொடுக்க முன்வந்த நாற்பத்து மூன்று பேரின் பட்டியலை, வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒரு வலைப்பக்கமாக்கினேன். பாதி எனக்கே புரியவில்லை, ஆனாலும் என் போனில் அழகாகத் தெரிந்தது, தெரு முழுக்க அனுப்பிவிட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டு துர்காவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. அவள் புருஷன் விஷால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, உங்க பக்கம் வெறும் வெள்ளையா இருக்குது, ஒரு பேரும் வரமாட்டேங்குது" என்றான். அவனுடையது பழைய போன். எங்கே தப்பு என்று தேடக்கூட எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, பெயர்களை முதலில் எழுதிவைத்த நோட்டு இருந்தது. துர்காவுக்கு வேண்டிய ஓ நெகட்டிவ் இரண்டே பேர், அதில் சிவபாலனை அப்பா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். துர்காவும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள்.

மறுநாளே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ரியாக்ட் தப்பென்று சொல்லவில்லைப்பா, உன் ஆபீஸுக்கு அது வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர், அவ்வளவுதான், அதற்கு வலைப்பக்கத்தின் அரிச்சுவடியான வெறும் எச்டிஎம்எல் போதும் என்று எனக்கே தோன்றியது. ஒரு வரி என்ன செய்கிறது என்று புரிந்த பிறகுதான் அடுத்த வரி எழுதினேன், ஒன்பது நாள் ஆனது. விஷாலின் அதே போனில் திறந்தோம், உடனே வந்தது. அத்தனை அழகில்லை. அவன் கடைசிப் பெயர்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, "என் பேரையும் சேத்துடுங்கக்கா" என்றான். அங்கேயே சேர்த்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸ் கோபத்தை அறைக்குக் கொண்டுபோகாதே. கர்த்தர் உன் கூடவே இருப்பாராக. பக்கத்தின் முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். தப்பிருந்தால் எங்கே என்று மட்டும் சொல், நீ கை வைக்காதே, நான்தான் திருத்துவேன்.

உன் அம்மா
எஸ்தர்