மூன்றாம் வகுப்பைப் பிரிக்கச் சொன்னவருக்கு

உ

ஆரணி,
10.6.1998

ஷார்ஜாவில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜெயவேல் அவர்களுக்கு, கற்பகம் எழுதுவது. நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேல் நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். படித்து முடிக்கும் வரைக்கும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் எனக்கு வரவில்லை, உங்கள் அண்ணனுக்கு வந்தது. பெற்ற பிள்ளையின் படிப்பைப் பற்றி பெற்றவளுக்கு ஒரு வரி எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. தம்பி குழந்தைக்குக் காது குத்து என்று நான் சந்தவாசலுக்குப் போய் மூன்று நாள் இருந்தேன். பள்ளிக்கூடம் திறந்த வாரம் என்பதால் தேவிப்ரியாவை உங்கள் அண்ணியிடம் விட்டுப் போனேன். அந்த மூன்று நாளில் உங்கள் அண்ணன் உங்கள் கடிதத்தைக் காட்டி டி.சி. வாங்கி, புதிதாக வந்திருக்கிறதே அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம், அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வீட்டுக்கு ஓடு மாற்றச் சொன்னால் மூன்று வருஷம் ஆக்குகிறவர், இதை மட்டும் ஜல்தியாக முடித்துவிட்டார்.

நான் பஸ் இறங்கி வரும்போது கழுத்தில் டையும் காலில் ஷூவுமாக நின்றாள். பார்க்க அழகாகத்தான் இருந்தாள், பொய் சொல்ல மாட்டேன். எத்தனையாவதில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒரு விரலைக் காட்டினாள். மூன்றாவது பாஸ் செய்து நாலாவதில் உட்கார வேண்டிய பெண்ணை ஒண்ணாங்கிளாஸில் போட்டிருக்கிறார்கள்.

சேர்ப்பதற்கு முன்னால் பரீட்சை வைத்தார்களாம். ஒரு பட்டாம்பூச்சிப் படத்தைக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார் அந்த மிஸ். இவள் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று தொடங்கி அது எப்படிப் பிறக்கிறது என்று முழுசாகச் சொல்லியிருக்கிறாள், தமிழில். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. கணக்கை எல்லாம் சரியாகப் போட்டும் கீழே விடையை இங்கிலீஷில் எழுதவில்லை என்று மார்க் கிடையாதாம். ஆயிரத்தில் முந்நூற்று எழுபத்தாறு போனால் மீதி அறுநூற்று இருபத்து நாலுதானே? அது எந்தப் பாஷையில் மாறும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்காமலே, "இன்னாம்மா பேஜார் பண்ற? நெய்யறப்ப தப்பு விழுந்தா பிரிச்சுட்டு மறுபடி நெய்யறதில்லையா? அதே மாதிரிதான் இதுவும். அஸ்திவாரத்துலேர்ந்து வரட்டும்" என்றார். பன்னிரண்டு வருஷமாக நானும் தறியில் உட்காருகிறேன். எனக்கே பாடம் நடத்துகிறார். "தப்பு விழுந்த எடம் வரைக்கும்தான் மாமா பிரிப்பாங்க. நல்லா நெய்ஞ்ச சேலைய யாராவது முந்தானையிலேர்ந்து பிரிப்பாங்களா? எங்க தப்பு, காட்டுங்க" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு எதிரில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

எங்கே தப்பு என்று உங்களையும் கேட்கிறேன். மூன்றாவதில் இருந்த அந்த ஒரு வருஷத்தில் அவள் என்ன படித்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அறிவியலில் கொசு பாடம் வந்த அன்று சாயந்திரம், சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நாம் மூடாமல் போட்டிருந்த தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவதைக் காட்டி என்னைத் திட்டினாள். அன்றிலிருந்து அதற்குப் பலகை போட்டிருக்கிறேன். சமூக அறிவியலில் நம் மாவட்டம் முழுக்கப் பாடம். வரைபடம் வரைந்து, கமண்டல நதி எந்தப் பக்கமாக ஓடுகிறது, சேத்துப்பட்டு எங்கே, அம்மா ஊர் எங்கே என்று புள்ளி வைத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். முள்ளைப் பார்த்து மணி சொல்கிறாள். அரை, கால், முக்கால் தெரியும். லீவு லெட்டர் தானே எழுதுகிறாள், நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன். இங்கிலீஷும் அங்கே மூன்றாவதில்தான் தொடங்கியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் எழுதுவாள். சூசைமேரி டீச்சர் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்திச் சொல்லிக்கொடுத்தது இதெல்லாம்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். உங்கள் அண்ணன் மகன் ராஜ்குமார் அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. இவளைவிட இரண்டு வயது சின்னவன், வாய்ப்பாட்டை இவளிடம்தான் கேட்டுக்கொண்டு போவான். நேற்று வந்து, "ஏழெட்டு எவ்ளோக்கா?" என்றான். இவள், "தெரியாது. எங்க கிளாஸ்ல இன்னும் அது வரல" என்றாள். அடுப்படியில் இருந்த நான் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தாறு என்று சொல்கிற பெண். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "பதில் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. பெரிய அக்கா, பெரிய அக்கான்றாங்க" என்கிறாள். முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்ததைத் தெரியாதது போல நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பத்து நாளில் உங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

உடனே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சூசைமேரி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலாவதுல அவ எடம் அப்படியே இருக்கும்மா, கூட்டிகினு வாங்க" என்றார். ஆனால் பெரிய வாத்தியார், அப்பா எழுதிக் கேட்டுத்தான் டி.சி. கொடுத்தேன், அவரே எழுதி அனுப்பினால்தான் திரும்பச் சேர்ப்பேன், ஜூன் முப்பதுக்குள் வர வேண்டும் என்கிறார். பத்து மாதம் சுமந்தவள் கையெழுத்து செல்லாதாம். கடல் தாண்டி இருக்கிறவர் கையெழுத்துதான் செல்லுமாம். அந்த வாத்தியார் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன், பெண்ணுக்கு ஆகாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சூப்பர்வைசர் இங்கிலீஷில் திட்டும்போது பதில் சொல்லத் தெரியாமல் ஊமையாக நிற்கிறேன், என் பெண் அப்படி நிற்கக் கூடாது என்று பொங்கலுக்கு எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு நானும் அழுதேன். ஆனால் இப்போது அவளை ஊமையாக்கியது யார்? நீங்கள் படித்ததே மூன்றாவது வரைக்கும்தான். அதோடு உங்கள் அப்பா தறியில் உட்கார வைத்துவிட்டார். அந்த மூன்றாவதை வைத்துக்கொண்டுதான் பஸ் போர்டு படித்தீர்கள், பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போட்டீர்கள், எனக்கு நாலு பக்கம் எழுதுகிறீர்கள். உங்களிடம் இருக்கிற மொத்தப் படிப்பையும் மகளிடமிருந்து பிடுங்கச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது என்றால் எவ்வளவு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இதோடு ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக உங்கள் பேரில் எழுதியிருப்பவள் தேவிப்ரியா. முதலில் மாட்டேன் என்றாள். "நான் ஒண்ணாங்கிளாஸ்மா, எனக்கு எழுத வராது" என்றாள். ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் தானாகப் பேனாவை எடுத்தாள். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள், போட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள். இங்கிலீஷுக்கு டியூஷன் வைக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்ததை அவள் ஒளித்து வைக்கும்படி மட்டும் செய்யாதீர்கள்.

கவரின் மேலே இருக்கிற இங்கிலீஷ் விலாசத்தையும் ஒரு தடவை பாருங்கள். இதுவரைக்கும் தபாலாபீஸில் யாரிடமாவது கெஞ்சி எழுதி வாங்குவேன். இந்த முறை உங்கள் பழைய கவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஷார்ஜாவுல எச் ரெண்டு வாட்டி வருதும்மா" என்று சொல்லிச் சொல்லி அவளே எழுதினாள். ஒரு எழுத்து தப்பினாலும் எங்கேயோ போய்விடும் என்று எனக்குப் பயம்தான். ஆனாலும் வேறு யாரிடமும் நான் கொடுக்கவில்லை. இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், நம் பெண்ணுக்கு எழுதத் தெரியும்.

கோபம் தீராமலே உங்களுக்காகக் காத்திருக்கும்,
கற்பகம்